பழைய பிக்கப்புக்கு எந்த டயர்? முதலில் ரிம்மைப் படியுங்கள்

பழைய பிக்கப் வாங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டால் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி டயர் நல்லது?" என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. ரிம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படித்துக் காட்டுவார்கள். நாற்பது ஆண்டுகளாகப் பல கை மாறி வந்த வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் டயர், முந்தைய உரிமையாளருக்கு எது மலிவாகக் கிடைத்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. அது சரியான அளவுதான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நான் இருப்பது டெக்சாஸில், சான் அன்டோனியோவுக்கு வெளியே. 1979ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 ஒன்றை வைத்திருக்கிறேன். ஆட்டுத் தீவனம், வைக்கோல் கட்டு, சில நாட்களில் சரளைக் கல் என்று அதற்கு ஓய்வே கிடையாது. காட்சிக்கு நிறுத்தி மெருகேற்றும் வண்டியாக இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது. பாரம் ஏற்றுகிற வண்டிக்கு டயர் அளவு என்பது அழகைப் பற்றிய பேச்சு இல்லை.

ரிம்மில் பார்க்க வேண்டியது

சக்கரத்தைக் கழற்றி, பின்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். காற்று வால்வு ஓட்டைக்கு அருகிலோ, நட்டு ஓட்டைகள் இருக்கும் நடுத்தட்டிலோ எண்கள் குத்தப்பட்டிருக்கும். 15 × 6, 16 × 7, 16.5 × 6.75 என்பதுபோல இருக்கும். முதல் எண் விட்டம், அடுத்தது அகலம், இரண்டும் அங்குலத்தில். சில ரிம்களில் தாங்கும் எடையும் அதிகபட்சக் காற்றழுத்தமும்கூடக் குத்தியிருப்பார்கள். கிடைத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அளவு நாடாவை ரிம்மின் மேல் குறுக்கே பிடித்து விட்டத்தைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். சொல்லப்படும் விட்டம் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் உதட்டை அளந்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதலாகத்தான் வரும். 16க்கும் 16.5க்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குழப்பத்தில் காணாமல் போய்விடும். அகலத்தையும் அப்படியே, இரண்டு உதடுகளின் உட்புறச் சுவர்களுக்கு இடையில்தான் அளக்க வேண்டும். குத்திய எண் துருவில் அழிந்துபோயிருந்தால் டயர் கடையில் கழற்றி அளக்கச் சொல்லுங்கள், ஊகத்தில் டயர் வாங்காதீர்கள்.

அந்த அரை அங்குலம்

ஹூஸ்டனில் இருக்கும் நண்பரின் மகன் போன ஆண்டு இதே மாதிரி ஓர் எஃப்-250 வாங்கினான். ஒரு மாலை போன் வந்தது. "மாமா, 16.5 டயர் எங்கேயும் கிடைக்கவில்லை. 16 எல்லாக் கடையிலும் இருக்கிறது. அரை அங்குலம்தானே, மாட்டிவிடலாமா?"

கூடவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவதானால் இதைப் படியுங்கள்.

1960கள் முதல் 80கள் வரை முக்கால் டன் (எஃப்-250 இந்த வகைதான்), ஒரு டன் என்று ஏற்றும் பாரத்தை வைத்துப் பெயரிட்ட அமெரிக்கப் பிக்கப்புகள் பலவற்றில் 16.5 அங்குல ரிம் வந்தது. 8.00-16.5, 8.75-16.5, 9.50-16.5 என்பவை அவற்றுக்கான டயர்கள். 16 அங்குல ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் பகுதி ஏறத்தாழ 5 டிகிரிதான் சரிந்திருக்கும். 16.5இல் அது 15 டிகிரி. ஆகவே இரண்டும் விட்டத்தில் மட்டும் அல்ல, உட்காரும் இடத்தின் வடிவிலேயே வேறுபட்டவை. 16 அங்குல டயரை 16.5 ரிம்மின் உதட்டைத் தாண்டி உள்ளே தள்ளிவிட முடியும், அதுதான் ஆபத்து. மாட்டியாகிவிட்டது என்றே தோன்றும். காற்றடித்தால் விளிம்பு தன் இடத்தில் ஏறாது. ஏறவில்லையே என்று இன்னும் காற்று, இன்னும் காற்று என்று அடிப்பார்கள். விளிம்புக்குள் இருக்கும் எஃகுக் கம்பி ஒரு கட்டத்தில் அறுந்து, டயரும் ரிம்மும் வெடித்துப் பறக்கும். அமெரிக்காவில் இப்படி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், கை கால் இழந்திருக்கிறார்கள். 16 அங்குல லாரி டயர்களின் பக்கவாட்டில் "16.5 ரிம்மில் ஒருபோதும் மாட்டாதே" என்ற எச்சரிக்கையை அச்சிலேயே வார்த்து விற்பது அதனால்தான்.

விளிம்பை உட்கார வைப்பதற்காக 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏற்றக் கூடாது என்பது டயர் தொழிலின் பொது விதி. அதற்குள் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கிவிட்டு ஏன் என்று தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய டயர் விற்கும் சாலையோரக் கடை ஒன்றில், "கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டால் ஏறிவிடும்" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மாட்ட மாட்டேன் என்று மறுக்கிற கடைக்காரர் நல்ல கடைக்காரர், அவரிடம் வாதாடாதீர்கள்.

இன்னும் பழைய வண்டிகளில், குறிப்பாக 1950, 60களின் கனரகப் பிக்கப்புகளில், பூட்டு வளையம் போட்ட பல துண்டு ரிம்கள் இருக்கும். அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை அல்ல. கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கத் தெரிந்த லாரி டயர் கடைக்குத்தான் அது போக வேண்டும்.

ரிம்மை மாற்றுவதா, டயரைத் தேடுவதா

16.5 டயர் உலகத்திலிருந்தே ஒழிந்துவிடவில்லை. சில நிறுவனங்கள் இன்னும் செய்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வி வண்டிக்கான 37 × 12.50 ஆர்16.5 டயர் உபரிச் சந்தையில் கிடைக்கும். அந்த ராட்சதத்தை என் வண்டியில் மாட்டினால் மட்கார்டை வெட்ட வேண்டும், ஆடுகள் ஏற ஏணியும் வைக்க வேண்டும். தேர்வு குறைவு, விலை கூடுதல், நெடுஞ்சாலையில் பஞ்சரானால் எந்தக் கடையிலும் மாற்று இருக்காது. அதனால் ரிம்களை 16க்கு மாற்றுவதையே நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

மாற்றும்போது கவனம் நட்டுகளின் மேல் இருக்கட்டும். என் வண்டியில் எட்டு நட்டு. எதிரெதிரான இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 6.5 அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். அந்தக் காலத்து ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் முக்கால் டன் வண்டிகள் பலவற்றுக்கும் இதே அளவு. 1999ஆம் ஆண்டு மாடலாக வந்த ஃபோர்டு சூப்பர் டூட்டியில் அது 170 மில்லிமீட்டராக மாறிவிட்டது. 2011 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் கனரகப் பிக்கப்புகளில் 180. மூன்றையும் பழைய இரும்புக் கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 170 ரிம்மை 165 ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சு முனையில், நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு ஒரே சாலையில் போக எனக்குப் பயம்.

அரை டன் வண்டிகளில் நிலைமை வேறு. 1996 வரையிலான ஃபோர்டு எஃப்-150க்கு ஐந்து நட்டு, 5.5 அங்குல வட்டம். 1970களின் இரு சக்கர இயக்கச் செவர்லே சி-10க்கும் ஐந்து நட்டுதான், ஆனால் 5 அங்குல வட்டம். ஐந்து ஓட்டை ரிம்மில் நேர் எதிரே ஓட்டை இல்லாததால், ஓர் ஓட்டையின் நடுவிலிருந்து, அடுத்ததை விட்டுவிட்டு அதற்கு அடுத்த ஓட்டையின் வெளிவிளிம்பு வரை அளந்தால் வட்டத்தின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும்.

நட்டு பொருந்தினாலும் நடு ஓட்டை பொருந்த வேண்டும். வேறு நிறுவனத்து ரிம்மில் நடு ஓட்டை சிறியதாக இருந்தால் ஹப்பின் மேல் முழுவதும் உட்காராது. அடுத்து, ரிம்மைக் குப்புறப் போட்டு, பின்விளிம்பின் குறுக்கே ஒரு நேர்ப்பலகையை வைத்து, அங்கிருந்து ஹப்பில் ஒட்டும் தட்டு வரை உள்ள ஆழத்தை அளந்து பாருங்கள். பழைய ரிம்மின் ஆழத்துக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. ஆழம் கூடினால் டயர் உள்பக்கம் ஸ்பிரிங்கிலும் ஸ்டியரிங் கம்பியிலும் உரசும், குறைந்தால் வெளியே துருத்திக்கொண்டு பேரிங்குகளைத் தேய்த்துவிடும். நான் 16 × 7 எஃகு ரிம்களை எடுத்தேன். 1980களின் எஃப்-250இலிருந்து கழற்றியவை, பளபளப்பு எதுவும் கிடையாது.

பாரம்தான் முதல் கணக்கு

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவோரத்தில் ஒரு ஒட்டுச்சீட்டோ தகடோ இருக்கும். ஒவ்வோர் அச்சும் தாங்கக்கூடிய எடை அதில் எழுதியிருக்கும். என் வண்டியின் பின் அச்சுக்கு 5,300 பவுண்டு. இரண்டு டயர் என்பதால் ஒவ்வொன்றும் குறைந்தது 2,650 பவுண்டு தாங்க வேண்டும். இதற்குக் கீழே உள்ள டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் பேச்சே இல்லை.

இப்போது 16 அங்குலத்தில் கிடைப்பவற்றை வைத்துப் பார்ப்போம். எல்லாமே எல்.டி. என்று தொடங்கும் லாரி வகை, இ வரிசைப் பாரம், 80 பி.எஸ்.ஐ. காற்றில். எல்.டி. 225/75ஆர்16 தாங்குவது 2,680 பவுண்டு. எல்.டி. 215/85ஆர்16 அதே 2,680. கணக்குப்படி இரண்டும் தேறும், ஆனால் மிச்சம் முப்பது பவுண்டுதான். மழையில் நனைந்த வைக்கோல் ஒரு கட்டு போதும், அந்த மிச்சம் போய்விடும். எல்.டி. 245/75ஆர்16, எல்.டி. 235/85ஆர்16 இரண்டும் 3,042 பவுண்டு தாங்கும். தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. சி, டி, இ என்ற பார வரிசைகள் பழைய கணக்கில் 6, 8, 10 பிளைக்கு (டயருக்குள் இருக்கும் துணி அடுக்குக்கு) சமம். காற்றழுத்தம் பொதுவாக 50, 65, 80 பி.எஸ்.ஐ. வரை. பி என்று தொடங்கும் டயர் கார் வகை. அதைப் பிக்கப்பில் மாட்டினால் அதன் மேல் எழுதிய எடையை 1.1ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, பி235/75ஆர்15 டயரில் 105 என்ற பாரக் குறியெண் இருந்தால் 925 கிலோ என்று பொருள், பிக்கப்பில் அது சுமார் 840 கிலோ. அரை டன் வண்டியில் நாற்காலியும் மேசையும் ஏற்றுபவருக்கு இது போதும். எஃப்-250க்குப் போதாது.

உயரம்

மீட்டரில் தெரியும் வேகமும், இன்ஜினுக்குக் கிடைக்கும் இழுவையும், மட்கார்டுக்குள் இருக்கும் இடமும் டயரின் முழு விட்டத்தைப் பொறுத்தவை. கணக்கு எளிது. 235/85ஆர்16 என்றால் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 85 சதவீதம், அதாவது 199.75. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் சேர்த்து 399.5. ரிம் 16 அங்குலம் என்பது 406.4. கூட்டினால் 805.9 மில்லிமீட்டர், 31.7 அங்குலம். இதே கணக்கில் 245/75ஆர்16 என்பது 30.5 அங்குலம்.

என் வண்டியில் இருந்த 8.75-16.5 டயரின் விட்டம் 29.5 அங்குல அளவில். 235/85 போட்டால் ஏழு சதவீதத்துக்கு மேல் பெரிதாகிறது. மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 64க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் எடுபடாது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது கியரும் கனமாகத் தெரியும். 245/75இல் வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது, 60 என்பது 62 ஆகும். மூன்று சதவீதத்தை ஒட்டி நின்றால் நிம்மதி என்பது என் கட்சி.

உயரமான, குறுகலான 235/85ஐ விரும்புகிறவர்கள் நிறையப் பேர், சேற்றில் அது நன்றாக இறங்கிப் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். எனக்குச் சேற்றைவிட என் முதுகு முக்கியம். ஐம்பது பவுண்டு தீவன மூட்டையைத் தூக்கி வைக்கும்போது பின்தட்டு அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் தெரியும். 245/75ஐத்தான் எடுத்தேன். அதற்குப் பொருத்தமான ரிம் அகலம் 6.5 முதல் 8 அங்குலம், என் 7 நடுவில் உட்காருகிறது.

ரிம் அகலத்தைச் சரிபார்க்காமல் பெரிய டயர் வாங்குவது 15 அங்குலக்காரர்களிடம் அதிகம். 31 × 10.50ஆர்15 என்ற டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும். முதல் எண் முழு விட்டம், இரண்டாவது அகலம், இரண்டும் அங்குலம். அதற்கு 7 முதல் 9 அங்குல அகல ரிம் வேண்டும். பழைய சி-10இன் 15 × 6 ரிம்மில் மாட்டினால் டயர் நடுவில் உப்பிக்கொண்டு, நடுப் பட்டன் மட்டும் தேய்ந்து ஓரங்கள் புதிதாகவே இருக்கும். 1970களின் கையேடுகளில் எழுத்து வகை அளவுகள் வரும், எல்78-15 என்று இருந்தால் 235/75ஆர்15, எச்78-15 என்று இருந்தால் 225/75ஆர்15, ஜி78-15 என்று இருந்தால் 215/75ஆர்15 ஏறத்தாழச் சமம். 7.50-16 என்ற பழைய அளவுக்கு 235/85ஆர்16 உயரத்தில் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

நம் ஊரில் நைலான் டயர் என்று சொல்லும் பழைய வகையையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலக்காதீர்கள். ஒன்று வளைவில் நெளியும், மற்றது பிடித்துக்கொள்ளும், வண்டி யார் பேச்சையும் கேட்காது. நான்கும் ஒரே வகையாக மாற்றப் பணமில்லை என்றால் மாதக்கணக்கில் காத்திருந்து சேர்த்தே வாங்குங்கள்.

கடையில்

பணம் கொடுப்பதற்கு முன் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1523 என்றால் 2023ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், பட்டன் முழுசாக இருந்தாலும் ஆட்டுக்கொட்டகைக்கு முட்டுக்கொடுக்கத்தான் உதவும். ஃபோர்டு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு டயரை மாற்றச் சொல்கிறது. பழைய வண்டிகள் குறைவாக ஓடுவதால் பட்டன் தேய்வதற்கு முன் ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். நடக்க முடியாத அளவுக்கு வெயில் அடிக்கும் எங்கள் ஊரில் இது இன்னும் சீக்கிரம்.

வால்வையும் கேட்டு வாங்குங்கள். கார்களுக்கு மாட்டும் சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காது. 80 ஏற்றப்போகும் டயருக்கு உயர் அழுத்த வால்வு வேண்டும். கேட்காவிட்டால் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிடுவார்கள். ஸ்டெப்னி ரிம்மையும் சேர்த்தே மாற்றுங்கள், வண்டிக்கு அடியில் தொங்கும் பழைய 16.5ஐ மறந்துவிடுபவர்கள் அதிகம்.

மாட்டியபின் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். பின்தட்டில் பாரம் ஏற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். ஐம்பது முதல் நூறு மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும், புது ரிம் உட்கார்ந்து சற்றுத் தளரும்.

காற்று எவ்வளவு? கதவோரச் சீட்டில் இருப்பது பழைய அளவு டயருக்கான எண், அதை இனி மறந்துவிடலாம். டயர் நிறுவனங்கள் எடைக்கேற்ற அழுத்த அட்டவணை வெளியிடுகின்றன. எல்.டி. 245/75ஆர்16 டயர் ஒன்றுக்கு 50 பி.எஸ்.ஐ.யில் 2,205 பவுண்டு, 65இல் 2,623, 80இல் 3,042. லாரிகள் நிற்கும் நிறுத்தங்களில் எடைமேடை இருக்கும், சில டாலர் கொடுத்தால் ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். வெறும் வண்டியில் என் பின் அச்சின் எடை இரண்டாயிரம் பவுண்டுக்குக் கீழ்தான். அப்போது 80 வைத்து ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் வந்து இறங்கும், ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கும். சரளைக் கல் ஏற்றும் நாளில் மட்டும் 80க்கு ஏற்றுகிறேன். அளப்பது எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்.

கழற்றிய 16.5 ரிம்களை இனாமாகக் கேட்டு யாராவது வருவார்கள். டிரெய்லருக்கு ஆகும் என்பார்கள். கொடுப்பதானால் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்டால் 16.5 என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். நான் எழுதினேன், பிறகு அதையும் நம்பாமல் பழைய இரும்புக்கே எடை போட்டு விற்றுவிட்டேன்.